குறுந்துவக்கும் ஒற்றைக் குண்டும்

சென்ற பெரும்போக விதைப்புக்குச் சற்று முன்னர், ஒருநாள் மாலை, தன்னாமுனையில் வாவியைப் பார்த்தபடி இருக்கும் என் வீட்டுத் திண்ணைக்குப் பழைய மாணவன் ஒருவன் வந்தான். முப்பது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பௌதிகவியல் படித்தவன். இன்று, செங்கலடியிலிருந்து பதுளை செல்லும் வீதியில், கரடியனாற்றுக்கு அப்பால், உறுகாமம் குளத்து நீர் பாயும் நிலத்தில் வேளாண்மை செய்கிறான். அவனுடைய தந்தையார் ஒரு காலத்தில் எங்கள் வயலுக்கு முல்லைக்காரராக இருந்தவர், இப்போது உயிரோடில்லை.

"இரி மனே," என்றேன். இருந்தான். தேநீர் வந்தது. குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. பின்பு, "சேர், பயிர்க் காவலுக்கு ஒரு துவக்குக் கேட்டுக் கச்சேரியில எழுதிக் குடுத்திரிக்கன். கிடைச்சா, கட்டையா ஒண்டு எடுத்து ஒற்றைக் குண்டு போட்டு அடிக்கலாம் எண்டு நினைக்கிறன். எது நல்லதெண்டு நீங்கதான் சொல்லணும்," என்றான்.

ஓய்வுபெற்ற ஆசிரியனிடம் கேட்கும் கேள்வியா இது என்று வாசகர் வியக்கலாம். என் தந்தையாரிடம் உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துவக்கு ஒன்று இருந்தது. பிள்ளைப் பருவத்தில் அதனோடு நான் பரணில் விழித்த இரவுகள் பல. ஆகவே அவன் கேள்வியில் நியாயம் இருந்தது. அதனினும் பெரிய காரணமொன்றையும் அவனே சொன்னான். சென்ற போகத்தில் மூன்று இரவுகளில் பன்றிக் கூட்டம் அவன் வயலின் பாதியை உழுதுவிட்டுப் போயிற்று. அயல் வயற்காரர் ஒருவர், "துவக்குக்குக் காத்திருந்தால் சோறு கிடையாது, கட்டுத்துவக்கு வை," என்று வற்புறுத்துகிறாராம். விலங்கு வரும் வழியில் கம்பியைக் கட்டி, அதைத் தட்டிய உயிர் எதுவோ அதன்மேல் தானாக வெடிக்கும்படி வைக்கும் பொறியே கட்டுத்துவக்கு என்பதை நம் பகுதியார் அறிவர். அது பன்றியையும் அறியாது. அதிகாலையில் வாய்க்கால் பார்க்கப் போகும் உழவனையும் அறியாது. ஆதலின், எந்தத் துவக்கை எடுப்பது என்ற அவன் கேள்வியை நான் சிறிய கேள்வியாகக் கொள்ளவில்லை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நாம் துவக்கு என்பதைத் தமிழகத்தார் துப்பாக்கி என்பர். துப்பாக்கி என்பது துருக்கியர் மொழியிலிருந்து வடநாட்டு மொழிகளின் வழியாக நம்மை வந்தடைந்த சொல். வெடிமருந்தைக் குழலின் வாய்வழியே இட்டு இடித்து இறுக்க வேண்டிய நாட்டுத் துவக்குக்கு நம்மவர் வைத்த பெயரோ 'இடியன்' என்ற தூய தமிழ்ப் பெயர். 1628 இல் புளியந்தீவிலே போர்த்துக்கேயர் கோட்டை கட்டிய காலத்திலும், 1638 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றிய காலத்திலும் வீரர் தோளில் சுமந்தவை பெரும்பாலும் உட்புறம் வழவழப்பான குழல்களே. குழலின் உள்ளே திருகு சுருளாகப் பள்ளம் வெட்டி, குண்டைச் சுழலச் செய்து நேரே செலுத்தும் றைபிள் பரவலாகப் படைகளுக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். வேட்டைக்கும் பயிர்க் காவலுக்கும் உழவன் கையில் இன்று இருக்கும் துவக்கு, அந்தப் பழைய வழவழக் குழலின் வழித்தோன்றலே.

இக்குழலின் அகலத்தைப் 'போர்' என்று அளப்பர். மாணவர் மயங்க வேண்டாம். இது சண்டையுமன்று, வைக்கோற் போருமன்று. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று எக்குழலில் அளவாக அடங்குமோ அது 12 போர். அதன் அகலம் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். இருபது உருண்டைகளாக வார்த்தால் 20 போர், அகலம் 15.6 மில்லிமீற்றர். எண் கூடக் குழல் ஒடுங்கும் என்பதை நினைவிற் கொண்டாற் போதும்.

இக்குழலில் இடும் தோட்டாக்களில் நம் உழவர்க்குப் பழக்கமானவை எஸ்.ஜி., எல்.ஜி. என்பவை. ஓர் அவுன்ஸ் எடைக்கு எல்.ஜி. ஆறு சன்னம், எஸ்.ஜி. எட்டு. சுட்டவுடன் சன்னங்கள் விரிந்து செல்லும். கிட்டத்தில் அவை ஒரு கைப்பிடியாகத் தாக்கும். தூரத்திலோ ஒன்றிரண்டு மட்டும் பட்டு, விலங்கைக் கொல்லாமற் புண்படுத்தி விடும். பன்றியின் தோளில் தடித்த தோலும் சேறும் சேர்ந்து கேடயம் போலிருப்பதை வேட்டையறிந்தோர் அறிவர். ஆகவேதான் எல்லா எடையையும் ஒரே குண்டாகச் செலுத்தும் எண்ணம் எழுந்தது.

ஆனால் வழவழக் குழலில் ஒற்றைக் குண்டு சுழல்வதில்லை. சுழலாத குண்டு தடுமாறும். இக்குறைக்கு இருவர் வழி கண்டனர். 1898 இல் வில்ஹெல்ம் பிரென்னெக்கே என்ற ஜேர்மானியர், ஈயக் குண்டின் பின்புறத்தில் எடை குறைந்த அடைப்பொன்றைப் பிணைத்தார். 1931 இல் கார்ல் பொஸ்ரர் என்ற அமெரிக்கர், குண்டின் பின்புறத்தைக் குழிவாக்கிப் பாரத்தை முன்னே கொண்டுவந்தார். இரண்டிற்கும் தத்துவம் ஒன்றே: முன்பாரம் இழுக்க, பின்பாகம் தொடரும். அம்பின் நுனியில் இரும்பும் அடியில் இறகும் வைத்த வேடன் இதை இவர்களுக்குப் பன்னெடுங்காலம் முன்னரே கண்டிருந்தான். குண்டின் பக்கங்களிலுள்ள வரிகளைக் கண்டு, அது சுழல்வதற்கென்று பலர் எண்ணுவர். அதனால் வரும் சுழற்சி மிகச் சொற்பம். குழல்வாய் ஒடுங்கிய இடத்தில் குண்டு நசுங்கி நழுவ இடங்கொடுப்பதே அவ்வரிகளின் முதன்மைப் பயன்.

இனிக் குழலின் நீளம். குழல் நீண்டால் வெடி தூரம் போகும் என்பது நம் முதியோர் நம்பிக்கை. மெதுவாக எரியும் கரிமருந்து இடப்பட்ட காலத்தில் அதில் உண்மையும் இருந்தது. இக்காலத்துப் புகையில்லா மருந்தோ குழலின் முற்பகுதியைக் கடக்குமுன்னரே பெரும்பாலும் எரிந்து தன் வேலையை முடித்துவிடுகிறது. முப்பது அங்குலக் குழலுக்குப் பதில் இருபத்து நான்கு அங்குலக் குழலை எடுத்தால், வினாடிக்குப் பத்துப் பதினைந்து மீற்றர் வேகமே குறையும். குண்டின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 470 மீற்றர் என்னும்போது இது பெரிய இழப்பன்று. பற்றைக்குள்ளும் பரணின் கம்புகளுக்கிடையிலும் திருப்புவதற்குக் குறுங்குழலே வாய்ப்பானது.

குறைகளும் உள. வெடியோசை காதைப் பிளக்கும். பாரம் குறைவதால் தோளில் உதைப்பு மிகும். எல்லாவற்றிற்கும் மேலாக, கண்ணுக்கும் குழல் நுனிக்கும் இடையேயுள்ள நீளம் குறைவதால், குறி பார்ப்பதில் ஒரு நெல்லளவு பிசகினாலும் இலக்கில் அது சாண் அளவாக விரியும். சன்னம் சுடுவதற்குக் குழல் நுனியிலுள்ள சிறு மணியொன்றே போதும். ஒற்றைக் குண்டுக்குப் பின்னேயும் ஒரு குறி வேண்டும். குழல்வாய் ஒடுக்கத்தை வேட்டைக்காரர் 'சோக்' என்பர். நிறை ஒடுக்கமுள்ள குழலின் வாய் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் குறுகியிருக்கும். அது சன்னத்தைக் கூட்டி அனுப்பும். குண்டையோ நசுக்கி வழிதவறச் செய்யும். பொருத்தமற்ற கடின உருண்டையாயின் குழலையே கெடுத்துவிடும். எனவே ஒற்றைக் குண்டுக்கு ஒடுக்கமில்லாத, அல்லது மிகச் சிறிதே ஒடுங்கிய வாயே தக்கது.

இங்கே ஓர் எச்சரிக்கை. குறுந்துவக்கு என்றது அவ்வாறே செய்து விற்கப்படுவதைத்தான். நீண்ட குழலை வாளால் அறுத்துக் குறுக்குவதை அன்று. இரட்டைக்குழல்கள் ஒரு குறித்த தூரத்திலே குண்டுகள் நெருங்கும்படி இணைத்து ஒட்டப்பட்டவை. அறுத்தால் அந்த இணக்கம் குலையும். அன்றியும், அறுத்த குழல் ஒளித்துச் செல்வோரின் கருவி. அதை வைத்திருப்பவன் பொலிசாருக்கு எந்த விளக்கம் கூறினும் எடுபடாது. 1916 ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டத்தின்கீழ் பெற்ற உரிமம், ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டிய நம்பிக்கைச் சீட்டு என்பதை மறக்கலாகாது.

நிற்க. இவ்வளவையும் நான் கரும்பலகை முன் நின்றவன் போல் கூறி முடித்தேன். அவன் கவனமாகக் கேட்டான். பின்பு, "அப்ப, எத்தின கவடு தூரத்துக்குச் சுடலாம் சேர்?" என்றான். அந்தக் கேள்விக்கு விடை கூறுமுன் அவனுக்கு நான் சொல்லவேண்டியது ஒன்று இருந்தது. ஐம்பத்தெட்டு ஆண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருந்தது.

1967 ஆம் ஆண்டு, தைப்பொங்கல் கழிந்த மறுவாரம். கதிர் முற்றிய வயல். எனக்கு வயது பதினைந்து. பரணில் தந்தையாரும் நானும். சற்று அப்பால் வாடியில் முல்லைக்காரர் படுத்திருந்தார். தந்தையார் வழக்கமாக எல்.ஜி. தோட்டாவே இடுவார். அன்று நண்பர் ஒருவர் கொடுத்த ஒற்றைக் குண்டுத் தோட்டா இரண்டு அவரிடம் இருந்தன. நிலா மேலே வந்தபின், வரப்போரம் ஒரு கரிய உரு அசைந்தது. தனிப் பன்றி, பெரிய ஆண். தந்தையாருக்கு அப்போதே பார்வை சற்று மங்கத் தொடங்கியிருந்தது. என் காதருகே, "எத்தின கவடு இரிக்கும் மனே?" என்று கேட்டார். என் கண்ணின் கூர்மையில் எனக்குப் பெருமை. ஒரு கணமும் எண்ணாமல், "நாப்பதுதான் அப்பா. அடிங்க," என்றேன்.

அவர் சுட்டார். பன்றி ஒருமுறை உட்கார்ந்தது போலிருந்தது. பின்பு எழுந்து காட்டோரப் பற்றைக்குள் மறைந்தது. இரவில் தொடர்வது மடமை என்று தந்தையார் என்னைத் தடுத்தார். விடியுமுன், நாங்கள் கண்ணயர்ந்த வேளையில், முல்லைக்காரர் வாய்க்கால் மடையைப் பார்க்கத் தனியே போனார். பின்தொடையில் குண்டு பட்ட பன்றி மடையருகே கிடந்திருக்கிறது. அவர் கூவியது கேட்டு நாங்கள் ஓடிப் போனபோது, அவருடைய வலத் தொடை முழங்காலிலிருந்து கிழிந்திருந்தது. வண்டியிலேற்றி வீதிக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியிற் சேர்த்தோம். உயிர் தப்பினார். ஆனால் சாகும்வரை நொண்டியே நடந்தார்.

மறுநாள் நான் தனியே வயலுக்குப் போனேன். பரணின் அடியிலிருந்து, வரப்பில் இரத்தம் தெளித்த இடம்வரை, பெரிய கவடாக வைத்து எண்ணினேன். எண்பத்து மூன்று. நிலாவொளியில், சமதரையில், மேலிருந்து பார்க்கும் கண் தூரத்தை விழுங்கிவிடும் என்பதை அன்று அறிந்தேன். தந்தையாரிடம் சொன்னேன். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பின்பு, "என்ர கண்ணுக்கு வயசு போயிற்று, பிழை என்ர," என்றார். ஊரிலும் அப்படியே சொன்னார்.

பௌதிகம் கற்றபின் அந்த இரவை நான் பலமுறை கணக்கிட்டுப் பார்த்ததுண்டு. இக்காலத்துக் குண்டு ஒன்று நாற்பது மீற்றரைக் கடக்கப் பத்திலொரு வினாடிக்குச் சற்றுக் குறைவாகவே எடுக்கும். அதற்குள் புவியீர்ப்பு அதனை நான்கைந்து சென்ரிமீற்றர் கீழே இழுக்கும். எண்பது மீற்றரைக் கடக்க ஐந்திலொரு வினாடி. வீழ்ச்சியோ இருபது சென்ரிமீற்றர். தூரம் இரட்டித்தால் வீழ்ச்சி நான்கு மடங்கு. காற்றின் தடையால் வேகம் குறைந்து, எண்பது மீற்றரில் குண்டின் சக்தி ஏறத்தாழப் பாதியாகிவிடும். எங்கள் வீட்டுத் துவக்கின் குழல்வாயோ நன்றாக ஒடுங்கியது. குண்டு தோளிற் படாமல் தொடையிற் பட்டதில் வியப்பில்லை. என்றாலும், குழலையும் குண்டையும் குறைகூறுவதில் என்ன பயன்? அவற்றுக்குத் தூரத்தைச் சொன்னவன் நான்.

நான் கூறி முடித்தபோது வாவியில் இருள் விழுந்துவிட்டது. ஆலய மணி அடித்து ஓய்ந்தது. எதிரே இருந்தவன் அந்த முல்லைக்காரரின் மகன் என்பதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். அவன் குனிந்தபடியே சொன்னான்: "அப்பாவுக்குத் தெரியும் சேர். பரணில கதைச்சது வாடிக்குக் கேட்டதாம். 'தம்பி சின்னப் பிள்ளை, அதைப் போய்ப் பெரிசுபடுத்துறதா' எண்டு எங்களுக்குச் சொன்னவர். வெளியில கதைக்கப்படாது எண்டும் சொன்னவர்."

எனக்கு உடனே பேச்சு வரவில்லை. சிறிது நேரத்திற்குப் பின்னர்தான் அவன் கேட்ட கேள்விக்கு விடை கூறினேன். அந்த விடையைத்தான் இங்கும் எழுதுகிறேன்.

வழவழக் குழலில் ஒற்றைக் குண்டுக்கு நாற்பது கவடு எல்லை. கைதேர்ந்தவர் பின்குறி வைத்த துவக்கால் அதற்கப்பாலும் அடிப்பர். இரவில், உழவன் கையில், நாற்பதுக்குமேல் வேண்டாம். கடையில் துவக்கைப் பார்க்கும்போது தோளிலே தூக்கி, கண்ணை மூடித் திறந்து பார்; கண் தானாகக் குறியின்மேல் விழுந்தால் அது உன் அளவுக்குப் பொருந்திய துவக்கு. உழவனுக்கு ஒற்றைக்குழலோ இரட்டைக்குழலோ போதும்; 12 போரின் உதைப்பைத் தோள் தாங்காதெனில் 20 போரை எடுப்பதில் வெட்கமில்லை. எடுத்தபின், பாதுகாப்பான மண்மேட்டின் முன் அட்டையொன்றை நிறுத்தி, நாற்பது கவட்டிலிருந்து ஒரே வகைத் தோட்டா மூன்றைச் சுட்டுப் பார். மூன்றும் ஓர் உள்ளங்கையில் அடங்கினால் அத்துவக்கும் அத்தோட்டாவும் ஒத்துப்போகின்றன. அடங்காவிட்டால் வேறு தோட்டாவைத் தேடு. பெயர்பெற்ற துவக்கு என்பதற்காக நம்பாதே, அட்டையை நம்பு.

பரணிலிருந்து சுடும் குண்டு கீழ்நோக்கிச் சென்று மண்ணிற் புதைய வேண்டும். தவறிய ஒற்றைக் குண்டு சில நூறு மீற்றர் கடந்தும் ஆளைக் கொல்லும். நம் வயல்கள் சமதரை, வயலுக்கு அப்பால் எவனுடைய வாடியோ இருக்கும். யானைமேல் அதை ஒருபோதும் பிரயோகிக்காதே. 1840களின் நடுவில் இலங்கைக்கு வந்து 1855 வரை வாழ்ந்த சாமுவேல் பேக்கர், பலர் வழவழக் குழலையே நம்பியிருந்த காலத்தில், 21 இறாத்தல் எடையுள்ள றைபிளைத் தூக்கிக்கொண்டு யானை வேட்டையாடியவர். அவரும் பெரும்பாலும் மிக அருகே நின்றே சுட்டார். அது யானையைக் கொல்வது வீரமெனப்பட்ட காலம். 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள் சட்டத்தின்கீழ் யானையும் மரையும் மானும் இன்று காக்கப்படும் உயிர்கள். 2023 ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும், நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் மாண்டனர். புண்பட்ட யானை, புண்பட்ட பன்றியைப்போல் ஒருவன் காலோடு நின்றுவிடாது.

கட்டுத்துவக்கைப் பற்றியும் சொன்னேன். துவக்கைத் தேர்ந்தெடுப்பது என்பது, எதைச் சுடுவது, எந்தத் தூரத்தில் சுடுவது, எப்போது சுடாமல் விடுவது என்பதையெல்லாம் சேர்த்துத் தேர்ந்தெடுப்பதாகும். குறுங்குழலும் ஒற்றைக் குண்டும் உழவனைக் கிட்டே வரச்செய்து, அது என்ன உயிர் என்று பார்த்தபின்னரே விரலை அசைக்க வைக்கின்றன. கட்டுத்துவக்கிலோ பார்ப்பதற்கு எவனுமில்லை. நான் தூரத்தைப் பிழையாகச் சொன்னேன் என்றால், கட்டுத்துவக்கு வைப்பவன் தூரத்தைக் கேட்கவுமில்லை.

எங்கள் வீட்டுத் துவக்கு 1980களில் போயிற்று. எப்படிப் போயிற்று என்பது இங்கு வேண்டாம். அதன் பின்னர் நீண்ட காலம் இம்மண்ணில் துவக்கு என்ற சொல்லே வேறு பொருளில் வழங்கியது. 2009 இல் போர் ஓய்ந்தபின், அச்சொல் மீண்டும் வயலுக்கு வந்திருக்கிறது. அது வயலில் எவ்விதம் தங்கப் போகிறது என்பது இப்போது அதைக் கேட்டு எழுதிக் கொடுக்கும் உழவர்களைப் பொறுத்தது.

மூன்று வாரங்களின் பின் அவன் மீண்டும் வந்தான். கச்சேரியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. ஆனால் பரணைச் சுற்றி, நாற்பது கவடு தூரத்தில், வெள்ளை பூசிய முளைகள் நட்டுவிட்டானாம். "நாப்பதெண்டு நான் நினைச்சிருந்த இடம் அறுபத்தெட்டு சேர்," என்றான்.

"முளைக்கு அங்கால ஆருடைய வாடி?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் பரணைக் குளக்கட்டுப் பக்கம் திருப்பிக் கட்டியிரிக்கன்," என்றான்.